கிளம்பும் முன் கேளுங்கள்

“அண்ணாச்சி, தண்ணி விழுதா?”

லாத்தா இதைக் கேட்கும் விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலை ஒன்பதேமுக்கால் இருக்கும். தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். மின்விசிறியைப் போட்டு, கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு கண் திறப்பதற்குள், அவள் முக்காட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட்டுவிடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஒற்றைச் சொல். விழுது. இல்ல. கசியுது. அதை ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதிய பிறகுதான் அவளுக்கு நாள் தொடங்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன, நாம் பார்க்கும் வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான்தான் டீம் லீடர்.

லாத்தா என்றால் அக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும், முதலாளி சார் உட்பட, அவள் லாத்தாதான். கணவர் ஷார்ஜாவில். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நாற்பத்தைந்து வயதில், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பி.ஏ. பட்டத்தை எடுத்துக்கொண்டு வேலை கேட்டு மாடியேறி வந்தவள். எனக்கு அப்போது இருபத்தாறு. வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, உட்கார்ந்ததும் அந்தக் கடுப்பை ஏழெட்டுப் பேர் மேல் இறக்குவேன். “டீம் லீடரம்மாவுக்கு இன்னைக்கும் சீட்டு கெடைக்கல போல” என்று லாத்தா மெதுவாகச் சொல்வாள். அறை முழுக்கச் சிரிக்கும். கோபம் வரும். ஆனால் அவள் டிபன் டப்பாவில் எனக்கென்று தனியாக ஒரு இடியாப்பம் இருக்கும் என்பதால் ரொம்ப நேரம் நீடிக்காது.

எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். யாராவது இணையத்தில் ஒன்றைத் தேடினால் யார் பெயர் முதலில் வருவது என்பதைத் தேடுபொறி முடிவு செய்கிறது. ஒரு கடையைப் பற்றி நாலு இடத்தில் பேச்சு இருந்தால், அந்த நாலு இடத்திலிருந்தும் அந்தக் கடைக்கு இணைப்பு இருந்தால், அது நல்ல கடை என்று அது நம்புகிறது. அந்த நாலு இடத்தையும் நாலு பேச்சையும் உண்டாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. பெண் வீட்டார் விசாரிக்க வரும்போது மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆளை முன்கூட்டியே தெருமுனையில் நிறுத்தி வைப்பது மாதிரி. ஊர் ஊருக்கு வலைப்பூ தொடங்குவோம். இல்லாத ஆளின் பெயரில் கட்டுரை எழுதுவோம். அறுநூறு சொல், சொன்ன வார்த்தை மூன்று தடவை, நடுவில் ஒரு இணைப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், “இதை மனுசங்க யாரும் படிக்கப் போறதில்ல, மெஷின்தான் படிக்கும்” என்பது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

லாத்தாவுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவே இல்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் அவளால் ஒரு வரி எழுத முடியாது. கனடாவில் வீட்டுக்கூரையில் விழும் பனியை அகற்றும் கம்பெனிக்கு ஒரு கட்டுரை வந்தது. மற்றவர்கள் நாலு பக்கத்தைப் படித்து ஐந்தாவதை முக்கால் மணியில் தட்டிவிடுவார்கள். லாத்தா, கடையநல்லூரில் யாரோ ஒருத்தியின் மருமகன் அங்கே இருப்பதைக் கண்டுபிடித்து, அவனை எழுப்பி, “தம்பி, கூரை மேல கெடக்க பனிய எத வச்சி வழிக்குதீங்க?” என்று கேட்டாள். மெத்தை பற்றி எழுதவேண்டியிருந்தபோது, பஞ்சு மெத்தை தைப்பவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினாள். மற்றவர்கள் நாளுக்கு ஐந்து முடிக்க, அவள் இரண்டு. “லாத்தா, ரெண்டுதானா?” என்பேன். “ஒரு ஆளாவது படிச்சிட்டா என்ன செய்யச் சொல்லுதே?” என்பாள். அவள் அதை வாதமாகச் சொல்லவில்லை, பயத்தோடுதான் சொன்னாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

எங்களுக்கு இருந்த ஒரே உள்ளூர் வாடிக்கையாளர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். அதற்கான தமிழ்க் கட்டுரைகள் லாத்தா பொறுப்பு. ஊர் சுற்றுகிறவர் ஒருவர் எழுதுவதுபோல ஒரு வலைப்பூவை நாங்களே உண்டாக்கியிருந்தோம். காலைப் போன் அழைப்புக்கு அதுதான் காரணம். சீசனில் எல்லாம் சரியாக நடந்தது. ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் லாட்ஜ் தானாக நிறையும். அவர்களுக்கு ஆள் வேண்டியது கோடையில். பங்குனி மாதம், கோடைக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று லாட்ஜ்காரர் கேட்டதாகச் சார் என்னிடம் சொன்னார், நான் லாத்தாவிடம் சொன்னேன். தலைப்பைக்கூட நானே போட்டுக் கொடுத்தேன்: ‘கோடை வெயிலா? குற்றாலம் வாங்க!’

லாத்தா அந்தத் தலைப்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, மே மாசம் அங்கன பாறைல்லா கெடக்கும்?”

“சும்மா ரூம் எடுத்துத் தங்குவாங்க லாத்தா. மலை இருக்கு, காத்து இருக்கு.”

“ரூம்ல தங்கவா அவ்வளவு தொலைவு வருதாங்க?”

“யாரும் வரமாட்டாங்க. மெஷினுக்குத்தான் எழுதுறோம்” என்றேன். அவள் எழுதிக் கொடுத்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். கேரள எல்லையோரத்து பார்டர் பரோட்டா, அங்கே பிரானூர் மரக்கடைகளின் வாசம், காலையில் மலை மேல் நிற்கும் மேகம் எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: ‘மே மாதத்தில் அருவிகளில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, கிளம்பும் முன் கேளுங்கள், சொல்கிறோம்.’ நான் அதைப் படித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் அழித்து, கட்டுரையை வெளியிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

வலைப்பூவில் கட்டுரைக்குக் கீழே, படிக்க வருகிறவர்கள் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. அதில் வருவது அநேகமாக எங்களைப்போலப் பிழைக்கிற மற்றவர்களின் கைவேலை. ‘அருமையான பதிவு’ என்று ஒரு வரி, கீழே அவர்கள் கடையின் இணைப்பு. திருடன் வீட்டில் திருடன் புகுவதுபோல. குவிந்துகிடக்கும் அதையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்துவிடுவது வழக்கம். மே முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த வேலையை லாத்தாவிடம் கொடுத்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். லாத்தா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே அழித்தாள்.

நான் வந்தபோது மணி ஒன்பதரை. எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். அன்றைக்குப் போன் காதில் இல்லை. “இங்கன வா” என்றாள். திரையில் இரண்டு குறிப்புகள், ஒரே ஆள் எழுதியவை. முதலாவது ஒன்பது நாள் பழையது. தான் திருவண்ணாமலைப் பக்கத்தில் தையல்காரன் என்றும், மனைவி பள்ளிக்கூடச் சத்துணவில் முப்பது வருஷம் சமைத்து இந்த மாதம் ஓய்வு பெறுகிறாள் என்றும், அடுப்புச் சூட்டிலேயே நின்ற உடம்பை ஒரு தடவையாவது அருவியில் நிற்க வைக்கவேண்டும் என்று ஆசை என்றும் எழுதி, மே முதல் வாரம் வரலாமா, தண்ணீர் விழுமா என்று கேட்டிருந்தார். இரண்டாவது அன்று விடிகாலையில் வந்தது. ‘நேற்று வந்து சேர்ந்தோம். நீங்கள் சொன்ன லாட்ஜில்தான் இருக்கிறோம். தண்ணீர் இல்லை. பரவாயில்லை. நன்றி.’

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எங்கள் இணைப்பைத் தொட்டு நிஜமாகவே ஒரு ஜோடி ரூம் எடுத்துவிட்டது, சாரிடம் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்தப் ‘பரவாயில்லை’ கண்ணில் பட்டது. அதோடு நிறுத்தாமல் ‘நன்றி’ வேறு.

“பையை எடு, போவோம்” என்றாள் லாத்தா.

குற்றாலத்துக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். லாட்ஜ் வாசலில் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒல்லியாக, சட்டைப்பையில் கண்ணாடியோடு. அந்த அம்மா கனத்த உடம்பு, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்புகள். தலைமுடி எண்ணெய்ப் பிசுக்குப் போகாமல் கொண்டையில் இருந்தது. நாங்கள் யாரென்று சொன்னதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் நேரில் வந்து நிற்பார்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

“நேத்து காலைலயே எண்ணெ தேய்ச்சிக்கினு போனம்மா” என்று அந்த அம்மா சிரித்தாள். “போயி பார்த்தா பாறைமேல கொரங்கு ஒக்காந்துக்கினு இருக்குது. திரும்பி வந்து ரூம்லயே பக்கெட்ல ஊத்திக்கினேன். எண்ணெ போவல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாத்தா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். “நாந்தாம்மா அத எழுதினேன். தப்பு என்னுது. தண்ணி இருக்காதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். அழித்தது நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. டீம் லீடர் அல்லவா, அந்த வார்த்தை வெளியே வரவில்லை. வெயிலில் என் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிழலின் நினைவு எனக்கு இன்றும் கூசுகிறது.

லாத்தா அவர்களை விடவில்லை. ரயிலுக்கு நேரம் இருந்தது. தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, அந்த அம்மாவின் தலையில் வெந்நீரும் சீயக்காயும் தன் கையாலேயே ஊற்றிப் பிசுக்கைப் போக்கிவிட்டாள். கிளம்பும்போது அவர்கள் நம்பரை வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டாள். “தண்ணி விழுந்த அன்னைக்கு நானே போன் போட்டுச் சொல்லுதேன். அன்னைக்கு வண்டி ஏறுங்க.” அந்த அம்மா சரி என்று தலையாட்டினாள். ஆனால் ரயில் நகரும்போது, “இனிமே எங்கம்மா வரப்போறேன். மூட்டு வலி வேற” என்று சொன்னதும் எங்கள் இருவருக்கும் கேட்டது.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் லாத்தா அந்தப் பேச்சை எடுத்தாள். “அந்தக் கடைசி வரிய எழுதினேன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். எழுத மறந்துட்டேன் போலிருக்கி.” நான் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு, “இருக்கும் லாத்தா” என்றேன்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் நான் பல்லைக் கடிக்கவில்லை. அந்தப் போன் அழைப்புக்காகவே முந்தைய பஸ்ஸைப் பிடித்து வந்தேன். அந்த வருஷம் பார்த்து மழை தாமதித்தது. வைகாசி போயிற்று. இல்ல. ஆனி பிறந்தது. இல்ல. நடுவில் ஒரு நாள், கசியுது. “கசிஞ்சா போதாது அண்ணாச்சி, தலையில விழணும்” என்பாள் லாத்தா. அவர்கள் ஊரில் அந்த அம்மாவுக்கு மூட்டு வலி கூடிவிட்டதாகவும், வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டதாகவும் தையல்காரர் போனில் சொன்னார். எனக்குத் தூக்கத்தில்கூட அந்தக் காய்ந்த பாறையும் குரங்கும் வந்தன. ஒரு காலை வாசுதேவநல்லூரில் பஸ் ஏறும்போதே மேற்கே மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். லாத்தா போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“விழுது விழுது! ராத்திரிலேர்ந்து கொட்டுது. கடைப் படுதாவே நனைஞ்சு போச்சி” என்று கத்தினார் அண்ணாச்சி, அருவிச் சத்தத்துக்கு மேலே.

லாத்தா அப்போதே தையல்காரருக்குப் போன் போட்டாள். மறுநாள் அவர்கள் வந்தார்கள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லாத்தாவும் இறங்கினாள், சுரிதாரும் முக்காடுமாகவே. நானும் தையல்காரரும் பைகளை வைத்துக்கொண்டு சாரலில் நின்றோம். கூட்டத்தில் ஆளே தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நிக்கிறாளா? வழுக்கிடப் போவுது. நிக்கிறாளா?” என்று என்னைக் கேட்டபடி இருந்தார். அரை மணி கழித்து, பல் தந்தியடிக்க, முழங்கைத் தழும்புகள் வெளுத்துப்போய், அந்த அம்மா வெளியே வந்தாள். “என்னா அடி அடிக்குதுய்யா!” என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சின்னப்பெண் மாதிரி சிரித்தாள். அவர் துண்டை நீட்டினார். நான் திரும்பிக்கொண்டு அழுதேன். சாரலில் யாருக்கும் தெரியாது என்பது குற்றாலத்தில் ஒரு வசதி.

அன்றிலிருந்து எங்கள் தமிழ்க் கட்டுரை எல்லாவற்றிலும் அந்தக் கடைசி வரி நின்றது. ஜனங்கள் கேட்டார்கள், லாத்தா தினமும் பதில் எழுதினாள். ஒரு வருஷத்தில் நாங்கள் இணைப்புக்காக உண்டாக்கிய பொய் வலைப்பூ, லாட்ஜின் சொந்தப் பக்கத்தையே தாண்டித் தேடலில் மேலே வந்துவிட்டது. சார் என்னைப் பாராட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு கட்டுரைகளை மெஷினே எழுதத் தொடங்கியது. மெஷின் எழுத, மெஷின் படிக்க, நடுவில் நாங்கள் எதற்கு? அலுவலகம் சுருங்கி, வேறு ஊருக்குப் போனது. லாத்தா கணவரோடு இருக்க ஷார்ஜாவுக்குப் போனாள். போகும்போது சாரிடம் பேசி அந்த வலைப்பூவைக் கேட்டு வாங்கி, கடவுச்சொல்லை நோட்டுத்தாளில் எழுதி என் கையில் கொடுத்தாள். கீழே பழக்கடை அண்ணாச்சியின் நம்பர். “பதில் போடாம விட்டுராதே” என்றாள். நான் இப்போது வாசுதேவநல்லூரில் வீட்டிலிருந்தே மெஷின் எழுதுவதைத் திருத்தும் வேலை பார்க்கிறேன். காலையில் முதல் வேலையாக அண்ணாச்சிக்குப் போன் போட்டு, கேட்டவர்களுக்குப் பதில் போடுகிறேன்.

சென்ற வாரம் வலைப்பூவை வேறு இடத்துக்கு மாற்றவேண்டி வந்தது. பழைய கட்டுரைகளைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால், யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பட்டியலை அது வைத்திருக்கும். அதுவரை நான் அதைத் திறந்ததில்லை. ‘கோடை வெயிலா?’ கட்டுரைக்குப் பட்டியலில் மூன்று பதிவுகள் இருந்தன. லாத்தா எழுதியது. என் பெயரில், கடைசி வரி நீக்கியது. பிறகு லாத்தா, நீக்கியதைத் திரும்ப வைத்தது. கட்டுரையில் அந்தக் கடைசி வரி திரும்ப வந்திருந்ததை நான் அப்போதே கவனித்திருந்தேன். குற்றாலத்திலிருந்து திரும்பிய பிறகு புதிதாக எழுதிச் சேர்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் மூன்றாவது பதிவில் நேரம் போட்டிருந்தது. அதே திங்கட்கிழமை. காலை ஒன்பது பத்து.

நான் மாடியேறி வருவதற்கு இருபது நிமிஷம் முன்னால்.

அப்படியென்றால் அந்தப் படியில் உட்கார்ந்து “தப்பு என்னுது” என்று சொல்லும்போது அவளுக்குத் தெரியும். ஆட்டோவில் “மறந்துட்டேன் போலிருக்கி” என்றபோதும் தெரியும். நான் சொல்வதற்கு ஒரு இடம் விட்டாளா, சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி விட்டாளா, எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகும் எத்தனை மாதம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக இடியாப்பம் கொண்டு வந்தாள்.

ஷார்ஜாவுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அழித்தது நான்தான், உங்களுக்குத் தெரியும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும், அன்றைக்கே வாய் திறந்திருக்கவேண்டும், மன்னித்துவிடுங்கள் என்று திக்கித்திக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாலு நிமிஷம் பேசியிருந்தேன். அவள் கேட்டுவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. பிறகு பதில் வந்தது, ஐந்து விநாடி.

“அது கெடக்கட்டும்ட்டி. இன்னைக்கு தண்ணி விழுதா?”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கேட்டு, அவளுக்குச் சொன்னேன். விழுது லாத்தா, நல்லா விழுது.